பாலமும் பலிபீடமும்

இருப்புப்பாதையின் பிறந்த வீடு எது என்று ஆங்கிலேயரைக் கேட்டால், அவர்களுள் பலர் தம் நாட்டின் வடகிழக்கு மூலையைச் சுட்டிக் காட்டுவர். அங்கே, டர்ஹம் வட்டாரத்தின் தென்கோடியில், ஸ்கெர்ன் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்திருக்கிறது டார்லிங்டன் நகரம். இலண்டனிலிருந்து 232 மைல் தொலைவு. விரைவு இரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். உயர்ந்த மணிக்கூண்டோடு 1887-இல் திறக்கப்பட்ட 'பாங்க் டாப்' நிலையத்தில் இறங்கி, சரிவான சாலை வழியே நடந்தால் சில நிமிடங்களில் ஊரின் நடுப்பகுதியை அடைந்துவிடலாம்.

இந்நகருக்கு வருகின்ற பயணிகள் பெரும்பாலும் எஞ்சின்களையும் அருங்காட்சியகத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவர். நாமும் அவற்றைக் காண்போம். ஆனால், கத்தோலிக்கக் குடும்பத்தவராகிய நாம் சற்று நின்று நிதானித்து நோக்க வேண்டிய இரண்டு கட்டடங்கள் இங்கே உள்ளன. ஒன்று 1825-இல் எழுந்த பாலம். மற்றொன்று 1827-இல் எழுந்த ஆலயம். இரண்டையும் வரைந்தது ஒரே கை. அந்தப் பாலமும் அந்தப் பலிபீடமும் அவ்வூரில் தோன்றிய வரலாற்றை அறிந்தால், மனச்சான்றுக்காக ஒதுக்கப்பட்ட மக்கள் தம்மை ஒதுக்கிய நாட்டிற்கு என்ன கைம்மாறு செய்தார்கள் என்பது விளங்கும்.

சந்தை வெளியில் ஒரு தூக்குமேடை

முதலில் நாம் காண்பது புனித கத்பர்ட் ஆலயம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் டர்ஹம் ஆயர் ஹியூ கட்டத் தொடங்கிய கற்கோயில் இது. கூர்ந்த கோபுரத்தோடு ஆற்றங்கரையில் கம்பீரமாக நிற்கிறது. 687-இல் இறைவனடி சேர்ந்த புனித கத்பர்ட், வட இங்கிலாந்து மக்களின் உள்ளங்கவர்ந்த புனிதர். கடற்கொள்ளையருக்கு அஞ்சிய துறவியர் அவருடைய திருவுடலைச் சுமந்துகொண்டு 875-இல் லிண்டிஸ்பார்ன் தீவை விட்டு வெளியேறினர். பல இடங்களில் தங்கியபின் 995-இல் டர்ஹம் குன்றை அடைந்தனர். அந்தப் பயணத்தில் திருவுடல் டார்லிங்டனிலும் சிறிது காலம் இளைப்பாறியது என்பது உள்ளூர் மரபு. இன்று இவ்வாலயம் ஆங்கிலிக்க சபையாருடையது. எனினும், இதன் பழைய கற்கள் திருப்பலியின் மணியோசையை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கேட்டவை.

16ஆம் நூற்றாண்டில் அரசு மன்னரைத் திருச்சபையின் தலைவராக்கியது. அதை ஏற்காத வடபுலத்து மக்கள் 1569-இல் கிளர்ந்தெழுந்தனர். அந்த ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் டர்ஹம் பேராலயத்தில் மீண்டும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. கிளர்ச்சி சில வாரங்களிலேயே அடங்கியது. அதன்பின் இப்பகுதியின் ஊர்களில் ஏழை எளியவர் நூற்றுக்கணக்கில் தூக்கிலிடப்பட்டனர்.

கால் நூற்றாண்டு கழித்து இவ்வூர் மற்றொரு மரணத்தைக் கண்டது. ஜார்ஜ் ஸ்வாலோவெல் என்பவர் அரசு சபையில் ஊழியம் செய்துவந்தவர். கத்தோலிக்கக் கைதி ஒருவரை வாதில் வெல்லச் சென்றவர், தாமே வெல்லப்பட்டுத் திரும்பினார். தம் புதிய நம்பிக்கையை மறைக்காமல் சபையாரிடமே அறிவித்தார், சிறைப்பட்டார். விசாரணையின்போது அச்சம் மேலிட்டு ஒரு கணம் தளர்ந்தார். அருகில் நின்ற குருவாகிய புனித ஜான் போஸ்ட் அவரைத் தேற்றித் திடப்படுத்தினார். ஜான் போஸ்ட் 1594 ஜூலை 24 அன்று டர்ஹமில் உயிர் நீத்தார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 26 அன்று, ஸ்வாலோவெல் டார்லிங்டனில் கொல்லப்பட்டார். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1929-இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

இதனைக் கூறும்போது நடுநிலை தவறலாகாது. ஸ்வாலோவெல்லுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், கத்தோலிக்க அரசியாகிய மேரியின் ஆட்சியில், ஏறத்தாழ 280 பேர் தம் சீர்திருத்தக் கொள்கைக்காகத் தீயிலிடப்பட்டனர். மனச்சான்றை வாளால் திருத்த முடியாது என்னும் பாடத்தை இரு தரப்பாரும் மெதுவாகவே கற்றனர்.

ஆணையிட மறுத்தவர்கள்

சந்தை வெளியை அடுத்துள்ள 'ஹை ரோ' வீதியில் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. ஜோசப் பீஸ் என்பவருடையது. இருப்புப்பாதையின் பொன்விழாவாகிய 1875-இல் திறக்கப்பட்டது. அவர் தந்தையார் எட்வர்ட் பீஸ் (1767–1858) கம்பளி வணிகர். 'நண்பர்கள் சபை' எனப்படும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அச்சபையில் குருக்கள் இல்லை, பீடம் இல்லை. மௌனமாகக் கூடி இறைவன் திருமுன் அமர்வதே அவர்களது வழிபாடு.

சமய முறையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் பெரிது. ஆயினும் அந்நாளைய சட்டத்தின் முன் இருவரும் ஏறத்தாழ ஒரே படியில் நின்றனர். பாராளுமன்றத்தில் அமர வேண்டுமானால் அரசு விதித்த ஆணையை இட வேண்டும். "ஆணையிடவே வேண்டாம்" என்ற ஆண்டவரின் மலைப்பொழிவைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்த குவேக்கர், எந்த ஆணையையும் இட மறுத்தனர். கத்தோலிக்கரோ ஆணையிட ஆயத்தமாயிருந்தனர். ஆனால், திவ்விய நற்கருணையைப் பற்றிய தம் விசுவாசத்தை மறுக்கும் அந்த ஆணையின் சொற்களை அவர்களால் உச்சரிக்க இயலவில்லை. ஆகவே இருவருக்கும் பாராளுமன்றம் அடைபட்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்களும் எட்டாதவையாயின.

பதவியின் கதவு மூடியதால் குவேக்கர் வணிகத்திலும் தொழிலிலும் முனைந்தனர். ஆணையிடாத அவர்களுடைய சொல்லையே மக்கள் ஆணையாக மதித்தனர். அந்த நம்பகத்தன்மையே அவர்களின் பெருமுதல் ஆயிற்று. டர்ஹமின் உட்பகுதியில் நிலக்கரி மிகுதி. அதைக் குதிரை முதுகிலும் வண்டியிலும் ஏற்றி ஸ்டாக்டன் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல ஆகும் செலவும் மிகுதி. எட்வர்ட் பீஸும் நண்பர்களும் இருப்புப்பாதை அமைக்க முன்வந்தனர். பணம் போட்டவர்களில் குவேக்கர் மிகுந்திருந்ததால் 'குவேக்கர் பாதை' என்றே அது பெயர் பெற்றது. 'தனியார் ஏற்கும் இடர், பொதுமக்களுக்குப் பயன்' என்னும் பொருள்பட அமைந்த இலத்தீன் வாசகம் அந்நிறுவனத்தின் முத்திரையில் பொறிக்கப்பட்டது.

அவர்கள் முதலில் எண்ணியது குதிரைகள் இழுக்கும் பாதையே. பாராளுமன்றம் 1821 ஏப்ரல் 19 அன்று அனுமதி வழங்கியது. அதே நாளில் ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்னும் சுரங்க எஞ்சின் வல்லுநர், 'நார்த்கேட்' வீதியிலிருந்த பீஸின் வீட்டிற்கு வந்து பேசினார். பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதிருந்தவர் அவர். நீராவி எஞ்சினே குதிரையினும் மேல் என்று அவர் எடுத்துரைத்ததைப் பீஸ் செவிமடுத்தார். 1823-இல் வந்த இரண்டாவது சட்டம் எஞ்சின்களுக்கும் பயணிகளுக்கும் இடமளித்தது.

1825 செப்டம்பர் 27

எஞ்சின் நியூகாசில் நகரில் உருவாயிற்று. அதுவே இன்று 'லோகோமோஷன்' என்று உலகம் அறிந்த எஞ்சின். சாலை வழியே கொண்டுவரப்பட்டு, ஷில்டனுக்கு அருகே தண்டவாளத்தில் ஏற்றப்பட்டது. 1825 செப்டம்பர் 27 அன்று ஜார்ஜ் ஸ்டீவன்சனே அதனை ஓட்டினார். நிலக்கரியும் மாவும் ஏற்றிய பெட்டிகளின் மேல் மக்கள் தொற்றி ஏறினர். 300 பேருக்கே இடம் வகுத்திருக்க, ஏறத்தாழ 600 பேர் ஏறிவிட்டனர் என்பர். கொடி தாங்கிய குதிரை வீரர் ஒருவர் முன்னே செல்ல, வண்டித் தொடர் டார்லிங்டனை அடைந்தது. அங்கே நிலக்கரிப் பெட்டிகள் ஆறு கழற்றப்பட்டு, அந்நிலக்கரி நகரின் ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பிறகு தொடர் ஸ்டாக்டன் நோக்கிச் சென்றது. அந்த ஊரில் டன் ஒன்றுக்கு 18 ஷில்லிங்காக இருந்த நிலக்கரி, 1827-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எட்டரை ஷில்லிங்காக இறங்கியது. வடநாட்டுக் குளிரில் வாழ்ந்த ஏழைகளுக்கு இது எத்துணைப் பெரிய ஆறுதல்!

ஆனால், அந்த ஆரவாரத்தில் எட்வர்ட் பீஸைக் காணோம். முதல் நாள் இரவு அவர் மகன் ஐசக் இறந்திருந்தார். தம் வாழ்நாளின் பெருங்கனவு வீதியில் ஓடிய நாளில், அந்தத் தந்தை வீட்டினுள் பிள்ளையின் சடலத்தருகே இருந்தார். 'ஸ்கின்னர்கேட்' வீதியிலுள்ள நண்பர்கள் சபைக் கூடத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார். 'இருப்புப்பாதையின் தந்தை' என்று போற்றப்பட்டவருக்கு மண்டபமும் இல்லை; சிலையும் இல்லை. அவர் சபையார் அனைவருக்கும் உரிய எளிய கல்லே அவருக்கும் உரியது.

பாலம்

டார்லிங்டனிலிருந்து ஷில்டன் செல்லும் இரயில் இன்றும் ஸ்கெர்ன் ஆற்றைக் கடக்கிறது. அது கடக்கும் கற்பாலமே 1825-இல் கட்டப்பட்ட பாலம். நடுவில் ஆற்றுக்கு ஒரு பெரிய வளைவு. இருபுறமும் நடப்போர்க்கு இரண்டு சிறு வளைவுகள். தோற்றத்தில் பெரும் அற்புதம் ஒன்றுமில்லை. இடைவிடாது பயன்பட்டுவரும் இருப்புப்பாதைப் பாலங்களுள் உலகிலேயே மிகப் பழையது என்பதே இதன் சிறப்பு. 1990 முதல் 2003 வரை வழங்கிய ஐந்து பவுன் நோட்டில் ஸ்டீவன்சன் உருவத்தோடு இப்பாலத்தின் படமும் இடம் பெற்றிருந்தது.

இதே பாதையில் மேற்கே கான்லெஸ் ஆற்றின்மேல் ஸ்டீவன்சன் இரும்பினால் ஒரு பாலம் அமைத்திருந்தார். 1824-இல் வந்த வெள்ளம் அதைச் சேதப்படுத்தியது. ஸ்கெர்ன் ஆற்றுப் பாலத்திற்கோ நிறுவனத்தார் தேர்ந்தெடுத்தது, டர்ஹம் வட்டாரத்தின் பாலங்களை மேற்பார்வையிட்டு வந்த இக்னேஷியஸ் பொனோமி என்பவரை. நம் வழக்கில் சொன்னால் இஞ்ஞாசி! அவர் தந்தையார் ரோமாபுரியில் பிறந்து இலண்டனில் குடியேறிய கட்டடக் கலைஞர். இலண்டனிலிருந்த ஸ்பானியத் தூதரகக் கத்தோலிக்கச் சிற்றாலயத்தை வடிவமைத்தவர். அவருடைய மகன், ஆங்கில நாட்டில், குவேக்கர் போட்ட பணத்தில், இருப்புப்பாதைக்குக் கற்பாலம் கட்டினார். இருநூறு ஆண்டுகளாக இரயில்கள் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பாலத்திற்கு அருகே 1842-இல் கட்டப்பட்ட 'நார்த் ரோடு' நிலையம் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த பழைய தொழிற்கூடங்கள் சீரமைக்கப்பட்டு, 2024-இல் 'ஹோப்டவுன்' என்னும் பெயரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர்க்கு ஒரு நாள் போதாது.

பலிபீடம்

மீண்டும் நகரின் நடுப்பகுதிக்கு வந்து, 'கோனிஸ்கிளிப்' சாலையில் சிறிது தூரம் நடந்தால் புனித அகுஸ்தினார் ஆலயம் கண்ணிற்படும். பாலம் எழுந்த இரண்டே ஆண்டுகளில், 1827-இல், அதே பொனோமி வரைந்த திட்டப்படி எழுந்த கத்தோலிக்க ஆலயம் இது.

அந்த ஆண்டை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். கத்தோலிக்கருக்கு முழு உரிமை வழங்கிய சட்டம் வந்தது 1829-இல். ஆகவே இவ்வாலயம் எழுந்தபோது கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர இயலாது. திருப்பலிக்கு இடம் கொடுத்த 1791-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, கத்தோலிக்க ஆலயத்திற்குக் கோபுரமும் மணியும் கூடாதென்று தடுத்திருந்தது. முத்திப்பேறு பெற்ற ஸ்வாலோவெல் இவ்வூரில் உயிர் நீத்து 233 ஆண்டுகள் ஆன பின்னர், அதே ஊரில், மறைவிடத்தில் அன்று, வீதியோரத்தில், நற்கருணை நாதருக்கு ஓர் இல்லம் அமைந்தது. வென்றவர்களின் கோபுரமாக அன்று. காத்திருந்தவர்களின் வீடாக அது எழுந்தது.

இந்த ஆலயத்தைக் கட்டியெழுப்பிய பங்குத்தந்தை வில்லியம் ஹோகார்த். டர்ஹமுக்கு அருகேயுள்ள உஷா குருமடத்தில் பயின்றவர். பிரான்சு நாட்டின் தூவே நகரில் 1568-இல் நிறுவப்பட்ட ஆங்கிலக் குருமடத்தின் வழித்தோன்றலாக 1808 முதல் உஷாவில் இயங்கிய அக்கல்விச்சாலை, குருமடம் என்ற நிலையில் 2011-இல் பணி முடித்தது. ஹோகார்த் 1824-இல் டார்லிங்டனுக்கு வந்தார். 1850-இல் இங்கிலாந்தில் மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்பட்டபோது ஹெக்ஸம் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். ஆயரான பின்னும் டார்லிங்டனை விட்டு அகலவில்லை. 1866-இல் இங்கேயே காலமானார். அவர் காலத்தில் அயர்லாந்தின் பஞ்சத்திற்குத் தப்பி வந்த தொழிலாளர்கள் இவ்வூரின் இரும்பாலைகளில் வேலை பெற்றனர். கரி படிந்த அவர்களுடைய கரங்களே இப்பகுதியின் பங்குகளைப் பெருகச் செய்தன.

கன்னியர் கதையையும் கூறாமல் விடலாகாது. நாட்டில் துறவு மடங்களுக்கு இடமில்லாத காலத்தில், ஆங்கிலக் கார்மேல் கன்னியர் பெல்ஜியத்தின் லியர் நகரில் மடம் அமைத்து வாழ்ந்தனர். பிரெஞ்சுப் புரட்சியின் படைகள் நெருங்க, 1794-இல் தாய்நாட்டிற்கே திரும்பி ஓடிவந்தனர். அவர்கள் முதலில் தங்கிய ஊர், பிற்காலத்தில் இதே இருப்புப்பாதை தொட்டுச் சென்ற செயின்ட் ஹெலன் ஆக்லண்ட். பின்னர் காக்கன் இல்லத்திலும், 1830 முதல் டார்லிங்டனிலும் மடம் கொண்டனர். ஏழை கிளாரா சபைக் கன்னியரும் 1857-இல் வந்து, 2007 வரை இவ்வூரில் செபித்து வாழ்ந்தனர். 'கார்மேல்' என்னும் பெயரை இங்குள்ள கத்தோலிக்கப் பள்ளி ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது.

வியர்வையின் ஊர்

இனி, பொனோமியின் பாலத்தைக் கடந்து ஷில்டனுக்குச் செல்வோம். வழியில் ஹைய்ங்டன் நிலையம். இங்கேதான் 1828 ஜூலை 1 அன்று 'லோகோமோஷன்' எஞ்சினின் கொதிகலம் வெடித்து, அதனை ஓட்டிய ஜான் கிரீ என்பவர் மாண்டார். சிலைகளில் பெயர் பொறிக்கப்படாத எத்தனையோ தொழிலாளரின் சார்பில் அவரை நாம் நினைவு கூரலாம்.

ஷில்டனில் எஞ்சின்களைப் பொறுப்பேற்றுக் காத்தவர் திமோத்தி ஹாக்வொர்த். மெதடிஸ்டு சபையின் பொதுநிலைப் போதகர். இவ்வாறு குவேக்கர், மெதடிஸ்டு, உரோமை வழித்தோன்றல், அயர்லாந்துக் கத்தோலிக்கர் எனப் பலரது உழைப்பால் வளர்ந்ததே இத்தொழில். 'லோகோமோஷன்' எஞ்சின் 1892 முதல் 1975 வரை பாங்க் டாப் நிலையத்தின் மேடையில் காட்சி தந்தது. பின் நார்த் ரோடு அருங்காட்சியகத்தில் இருந்தது. 2021-இல் ஷில்டன் அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டது.

தொழில் வளர்ந்தது போலவே தேய்ந்தும் போயிற்று. 1863-இல் தொடங்கிய டார்லிங்டன் எஞ்சின் தொழிற்சாலை 1966-இல் மூடப்பட்டது. ஷில்டன் பெட்டித் தொழிற்சாலை 1984-இல் மூடப்பட்டபோது ஏறத்தாழ 2,600 பேர் வேலை இழந்தனர். ஊர் முழுவதும் ஒரே வேலையை நம்பி வாழும்போது, ஆலைக் கதவு மூடுவது ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் தொடும். ஆயினும் டார்லிங்டன் தன் கைத்திறனை மறந்துவிடவில்லை. ஆர்வலர் பலர் நன்கொடை திரட்டி, இந்நகரில் 'டொர்னேடோ' என்னும் புதிய நீராவி எஞ்சினை 2008-இல் கட்டி முடித்தனர். 2025-இல் இருநூறாம் ஆண்டு விழாவும் சிறப்புடன் நடந்தேறியது.

நமக்குரிய பாடம்

டார்லிங்டன் நகரம் நமக்கு உணர்த்துவது யாது? எஞ்சினின் ஆற்றல் மட்டுமன்று. கத்தோலிக்கரும் குவேக்கரும், தம் மனச்சான்றை விற்றிருந்தால், பதவியும் பட்டமும் ஒரே நாளில் பெற்றிருக்கலாம். அவர்கள் விற்கவில்லை. ஒதுக்கியவர்கள்மேல் வஞ்சம் தீர்க்கவும் முனையவில்லை. ஊருக்குப் பயன்படும் பாதையை அமைத்தனர். ஆற்றின்மேல் பாலம் கட்டினர். இறைவனுக்கு வீடு எழுப்பினர். இறுதியில் சட்டமே அவர்களிடம் வந்தது. 1829-இல் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றத்தின் கதவு திறந்தது. 1833-இல், எட்வர்டின் மகன் ஜோசப் பீஸ் ஆணையிடாமல், உறுதிமொழி மட்டும் கூறி அங்கே அமர்ந்தார். அவ்வாறு அமர்ந்த முதல் குவேக்கர் அவரே.

சிறுபான்மையினராய் வாழும் குடும்பங்கள் நம்முள் பல உண்டு. அலுவலகத்திலும் அண்டை வீட்டாரிடையேயும், விசுவாசத்தின் பொருட்டுச் சிறு சிறு இழப்புகளை ஏற்போரும் உண்டு. அத்தகையோர் தம் பிள்ளைகளுக்கு ஸ்வாலோவெல்லின் உறுதியைச் சொல்லிக் கொடுக்கட்டும். எட்வர்ட் பீஸின் நேர்மையையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கட்டும். விசுவாசத்தில் தளராமல், அயலாருக்குப் பயன்படுவதிலும் குறையாமல் வாழ்வோமாக. பாலத்தையும் பலிபீடத்தையும் ஒரே கை வரைய முடியும் என்பதற்கு ஸ்கெர்ன் ஆற்றங்கரைக் கற்கள் சாட்சி.